மூடத் தெரியாத பூ

வெள்ளி இரவு குசினி மேசையில்
நாற்பத்திரண்டாவது பூவை முடிக்கையில்
பசைத் துவக்கு பெருவிரலைச் சுட்டது.
திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய ஓர்டர்.
வெள்ளைக்காரக் கல்யாணம்.
மணப்பெண்ணுக்கு மகரந்தம் ஒத்துவராதாம்,
ஆனால் இந்த நிலத்துக் காட்டுப்பூதான் வேண்டுமாம்.

நான் அந்தப் பூவை நேரில் கண்டதில்லை,
பதினொரு வருடம் பேர்த்தில் இருந்தும்.
ஃபோன் திரையில் விரலால் பெரிசாக்கி
இதழ் எண்ணி, எண்ணிக்கை தவறி,
மிச்சத்தைக் கைக்கணக்கில் செய்தவை இவை.

"ஒருக்கால் போய்த்தான் பாப்பமே"
என்றார் கோமகன்,
ஷிஃப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே.

விடியமுன் வெளிக்கிட்டோம்.
புளிச்சாதம், அவித்த முட்டை,
மிதுஷாவுக்குச் சத்தி வந்தால் ஒரு பை.
மூராவில் பெட்ரோல்.
பிறகு கோதுமை. பிறகும் கோதுமை.
ஆரூரனின் "இன்னும் எவ்வளவு தூரம்"
மிங்கனியூ வரைக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வளைவு.
கோமகன் பிரேக்கை மிதித்தார்.
ஒருவரும் கதைக்கவில்லை.
வெள்ளை, ரோஸ், மஞ்சள்.
அடியில் மண் என்று ஒன்று இருப்பதற்கே
சாட்சி இல்லை.

குனிந்து ஒன்றைத் தொட்டேன்.
சரசரத்தது.
கடதாசி!
மூன்று கிழமையாய் நான்
தாளைப் பூவாக்கப் பாடுபட,
இங்கே பூ தன்பாட்டில்
தாளாகி நிற்கிறது.
சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும்.
இதழை எண்ணினேன்.
ஒரு சுற்றுக் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன்.

பூப் பறிக்கக் கூடாது என்றது பலகை.
பிள்ளைகளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நூதனசாலைக்குள் போல நடந்தான் ஆரூரன்.

அப்போது பார்த்து ரேஞ்சரம்மா வந்தார்.
தொப்பி, தூசு, வெட்டென்ற குரல்.
மிதுஷாவின் தலையைக் காட்டிக் கேட்டார்:
"அதை எங்கே பறித்தாய்?"
"பறிக்கேல்லை. அம்மா செய்தது."
கிட்ட வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
காம்பைத் தடவி, கம்பியைக் கண்டு,
பிறகு என் விரலின் கொப்புளத்தையும் கண்டார்.
தண்டப் புத்தகம் பைக்குள் திரும்பிப் போனது.
எனக்குக் கிடைத்த பாராட்டுகளில்
அபராதத்துக்கு இவ்வளவு கிட்ட வந்தது
வேறில்லை.

பின்னேரம் காற்று எழும்பியது.
அந்தத் தலைப்பூ பறந்துபோய்
ஆயிரத்துக்குள் விழுந்தது.
மிதுஷா அழவில்லை. நான்தான் பதறினேன்.
பசை, கம்பி, சாயத்தாள்:
காட்டில் விட்டுவிட்டுப் போக ஏலாது.
பாதையை விட்டு இறங்காமல்
நாலு பேரும் தேடினோம்.
செய்தவளுக்கே தெரியவில்லை
எது தன்னுடையது என்று.

வெயில் சரிந்தது.
ஒவ்வொன்றாய், பிறகு கூட்டமாய்,
கடை பூட்டும் நேரத்துத் தெருபோல
பூக்கள் இதழை உள்ளிழுத்து மூடின.
இதை எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

"அம்மா, அங்கே!"
பாதையிலிருந்து ஒரு முழம் தள்ளி,
எல்லாம் கண்ணயர்ந்த பிறகும்
ஒன்று மட்டும் முழித்திருந்தது,
விருந்தாளிகள் போன பிறகும்
சிரிப்பை இறக்கத் தெரியாத முகம்போல.
எட்டி எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

திரும்பும்போது பிள்ளைகள் நித்திரை.
கோமகனுக்கும் கண் சொருகியது.
கங்காருவுக்குப் பயந்து
அறுபதைத் தாண்டாமல் நான் ஓட்டினேன்.

ஞாயிறு முழுக்க, நாற்பத்திரண்டுக்கும்
இன்னொரு சுற்று இதழ்.
நாற்பத்திமூன்றாவது ஒன்றை
அரைவாசி மூடினபடி செய்தேன்.
காசுக் கணக்கில் சேர்க்காமல்
பெட்டியின் அடியில் வைத்தேன்.
அந்தப் பெண் கேட்டால் சொல்லலாம்:
அது பின்னேரத்துக்கு.